வியாழன், ஆறரை மணி

வீட்டை நீதிமன்றம் பிரித்தது.
காரை அவர்களே பேசித் தீர்த்தார்கள்.
நாய் ஒரு வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே.
இஸ்த்ரியாவில் வாங்கிய செப்புக் கொப்பரைகூட
காகிதத்தில் ஏறியது.
வியாழக்கிழமை ஆறரை மணியை மட்டும்
எழுத மறந்துவிட்டார்கள்.

ஆகவே நீவெஸ் வந்தாள்,
போரா காற்று முறித்த குடையை
வாசல் குப்பைத்தொட்டியில் செருகிவிட்டு.
ஆறு நிமிடம் கழித்து
துல்லியோவும் வந்தான்.
நானும் ஃபுல்வியோவும் பார்த்துக்கொண்டோம்,
பரீட்சையில் விடை தெரியாத இருவர்
ஒருவர் தாளை ஒருவர் பார்ப்பதுபோல.

த்ரியெஸ்தேயில் இந்த நேரத்துக்கு
யாரும் வயிறு நிறைக்க வருவதில்லை.
பசிக்கு ஒரு கதவு உண்டென்றால்
அதன் தாழ்ப்பாளைக் கொஞ்சம் நகர்த்திவிட்டுப் போகத்தான்.
கசப்பும் சோடாவும் வெள்ளை ஒயினும் சேர்ந்த
ஒரு செம்மஞ்சள்.
கிண்ணத்தில் ஆலிவ்.
உப்பு மீன் விழுது தடவிய விரலளவு ரொட்டி,
ஆளுக்கு ஒன்று,
ஐந்தாவது எப்போதும் மீதி.

காற்றைப் பற்றிப் பேசினோம்.
மணிக்கு நூறு கிலோமீட்டர் என்றான் ஃபுல்வியோ.
நூற்றிருபது என்றாள் நீவெஸ்.
முன்பென்றால் துல்லியோ
நூற்றைம்பது என்றிருப்பான், அவளைச் சீண்ட.
இன்று ஆலிவ் கொட்டையை
வாயில் உருட்டிக்கொண்டே இருந்தான்.
கோப்பையிலிருந்து ஆரஞ்சுத் துண்டை எடுத்தான்.
அவள் தட்டுவரை பாதி தூரம் போன கை
திரும்பியது.
தோலோடு தானே தின்றான்.
அவனுக்குப் பிடிக்காது அது.

இரண்டாவது சுற்று.
யார் முறை?

பதினொரு வருடமாய் எங்களுக்கு மூன்று முறைதான்:
ஃபுல்வியோ, நான், அவர்கள்.
அவர்கள் என்றால்
ஒரு பணப்பை.
இது அவர்கள் முறை.
இரண்டு கைகள் ஒரே நேரத்தில்
இரண்டு கோட்டுப் பைக்குள் போயின.
இரண்டும் உள்ளேயே நின்றன.
கடைக்காரி எர்சீலியா
சுத்தமாய் இருந்த மேசையை
இன்னொரு தரம் துடைத்தாள்.

"இனி நாலு முறை" என்றாள் நீவெஸ்,
பேருந்து எண்ணைச் சொல்வதுபோல.

ஃபுல்வியோ விரல்விட்டு எண்ணினான்.
"மூன்றுக்கு ஒரு தரம் கொடுத்தவன்
இனி நாலுக்கு ஒரு தரம்.
உங்கள் விவாகரத்தில் காசு பார்த்தவன்
நான் ஒருத்தன்தான்."

ஒரு கணம்
வெளியே காற்று மட்டும்.
பிறகு துல்லியோதான் முதலில் சிரித்தான்,
கொட்டை தொண்டையில் சிக்கப் பார்த்தது.
நீவெஸ் அவன் முதுகில் தட்டினாள்,
தேவைக்குமேல் பலமாக,
மூன்று தட்டு.
சுற்றுக்கு அவளே பணம் வைத்தாள்.
ஐந்தாவது ரொட்டியை யாரும் தொடவில்லை.

எட்டு மணிக்கு எழுந்தோம், நல்ல பசியோடு.
அவள் மேட்டுத் தெருவில் ஏறிப் போய்விட்டாள்.
துல்லியோவின் புது அறையில்
முட்டை மட்டும்தான் இருக்கிறதாம்.
ஒரு ஆளுக்கு எத்தனை அவிப்பது
என்று என்னைக் கேட்டான்.
இரண்டு என்றேன்.
தெருமுனைவரை போனவன்
காற்றுக்குச் சாய்ந்து நின்று திரும்பி
மூன்று விரலைக் காட்டினான்,
இத்தனையா என்பதுபோல.