ஒன்பதா, இருபத்தொன்றா

காங்கேசன்துறைக்குக் கப்பல் பிந்தி வந்த ஒரு செவ்வாய்.
பதினெட்டுப் பெட்டி, நாகபட்டினத்திலிருந்து.
பிரியாணி மிக்ஸ், மீன் பொரியல் மிக்ஸ், சிக்கன் மிக்ஸ்
என்கிறது பில்.
தர்மகுலநாதன், மானிப்பாய் வீதியில் கடை,
ஹெல்மெட்டைக் கழற்றாமலே வாசலில் நிற்கிறார்.
"வாசனைச் சரக்குத்தானே மிஸ்,
ஒன்பதிலை போடுங்கோ."

ஒன்பதாம் அத்தியாயத்தில் மிளகு, ஏலம், மஞ்சள்,
கொடியும் கிழங்கும் தம் சொந்தப் பேரில் நிற்கும்.
இருபத்தொன்றில் சோஸ், சூப், ஈஸ்ட்,
வேறெங்கும் இடம் கிடைக்காத சமையல்.
வரி அங்கேதான் கூட.
நடுவில் ஒரு குறிப்பு:
சரக்கோடு வேறு பொருள் சேரலாம்,
சேர்ந்த பிறகும் அதன் சாரமான குணம்
மாறாதிருந்தால்.
எத்தனை வீதத்தில் மாறும் என்று
குறிப்பு சொல்லவில்லை.
எழுதியவர் சாப்பிடப் போய்விட்டார் போல.

பைக்கற்றின் முதுகைப் படித்தேன்.
மல்லி, செத்தல் மிளகாய், மூன்றாவதாக உப்பு.
பிறகு சீனி. சோளமா.
பிறகு அறுநூற்று இருபத்தொன்று என்று ஓர் இலக்கம்.
அதற்கும் பிறகுதான் கறுவா, கராம்பு, ஏலம்,
கலியாண வீட்டில் கடைசிப் பந்தியில் இருத்திய
சொந்தக்காரர் மாதிரி.

"மணந்து பாருங்கோவன்" என்றார்.

மணந்தேன்.
கடதாசியை மணந்ததும் அதுவும் ஒன்று.
கொரோனா வந்துபோன ஆண்டிலிருந்து
எனக்கு மணம் தெரியாது.
கந்தோரில் ஒருவருக்கும் சொல்லவில்லை.
அடுப்பில் பால் கருகினால்
மகன் ஓடிவந்து சொல்வான்.

ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன்.
உப்பு வந்தது. சீனி வந்தது.
அந்த இலக்கம் வந்து
நாக்கு முழுக்கப் பாய் விரித்துப் படுத்தது.
உறைப்பு வந்தது, அது சுவையில்லை, சூடு.
வேறொருவரும் வரவில்லை.

அப்போதுதான் உறைத்தது.
என் வாய்க்கு எல்லாமே இருபத்தொன்று.
நேற்றிரவு நான் வைத்த நண்டுக்குழம்பு, இருபத்தொன்று.
சென்ற ஆவணியில் அந்த நெல்லியடிக்காரரின்
ரசப்பொடி மூட்டை ஆறு,
வாதாடிப் பார்த்து, பேசாமல் கட்டிப்போனாரே,
அதுவும்.
கோப்பை எடுத்துப் பார்க்க
கை போகவில்லை.

"சிறில், இஞ்சை ஒருக்கா வாரும்."
பெட்டி இறக்கிக்கொண்டிருந்தவன்
கையைச் சாரத்தில் துடைத்து
பைக்கற்றை மூக்கடிக்குக் கொண்டுபோனான்.
கண்ணை மூடினான்.
"கறுவா நிக்குது மிஸ். நல்ல கறுவா.
கராம்பு பழசு.
மல்லி வறுக்கேல்லை, பச்சையாய் அரைச்சது."
"உப்பு?"
"உப்புக்கு எங்கை மிஸ் மணம்."

அவனுக்கு ஒன்பது தெரிந்தது,
எனக்கு இருபத்தொன்று.
இரண்டு பேரும் சேர்ந்தால்
ஒரு சுங்க அதிகாரி.

இலக்கம் போடும் கட்டத்தை வெறுமையாய் விட்டேன்.
மூன்று மாதிரி எடுத்து,
அரக்கு உருக்கி முத்திரை வைத்து,
கொழும்பு ஆய்வுகூடத்துக்கு என்று எழுதினேன்.
"எத்தினை நாள் செல்லும்?"
"தெரியாது."
"வெள்ளிக்கிழமை கடைதிறப்பு, மிஸ்."
நான் பேனையை மூடினேன்.
அவர் ஹெல்மெட்டின் கண்ணாடியை
இறக்கிவிட்டுப் போனார்.
கோபமா, அழுகையா, பார்க்க முடியவில்லை.

பின்னேரம், யாழ்ப்பாணம் போகும் பஸ்.
மல்லாகத்தில் ஏறி என் பக்கத்தில் இருந்த பெண்
கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள்.
பிறகு சிரித்தாள்.
"கலியாண வீட்டாலையோ வாறியள்?"

கைகளை மடியில் விரித்துப் பார்த்தேன்.
நகத்தடியில் மஞ்சள்.
"ஓம்" என்றேன்.
"நல்ல சாப்பாடோ?"