பெயர்ப்பலகையில் எழுதாதவை

ஷில்லாங்கிலிருந்து சோஹ்ரா போகும் சாலையில்
பள்ளத்தாக்கு திறக்கிற வளைவில் என் கடை.
பலகையில் இருப்பது
மேகி, மோமோ, ஆம்லெட், தேநீர்.
எழுதியவன் என் தம்பி.
எழுத்துப்பிழையும் அவனுடையதே.

எழுதாதவை உள்ளே இருக்கின்றன:
பன்றி ரத்தத்தில் வெந்த அரிசி, ஜாதோ.
கறுப்பு எள்ளை அரைத்து ஊற்றிய கறி,
புதிதாகத் தார் போட்ட சாலைபோல் மின்னும்.
நொதித்த சோயா, துங்ரும்பாய்.
அது வருவதற்கு முன்பே அதன் வாசனை வந்து
நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளும்.

வண்டியிலிருந்து இறங்குகிறவர்கள்
முதலில் மூக்கால் விசாரிப்பார்கள்,
பிறகு வாயால்: "மேகி இருக்கா?"
இருக்கிறது. ஆனால் இரண்டு நிமிடம் என்பது பொய்.
இந்தக் குளிரில் தண்ணீர் கொதிக்கவே ஆறு ஆகும்.

சிலர் ஜாதோ கேட்டு வாங்கி
படம் எடுத்துக்கொண்டு
தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போவார்கள்.
அதை நாய்க்குப் போடுவேன்.
அதற்குப் படம் எடுக்கத் தெரியாது.

புனேயிலிருந்து வந்த ஒரு தாடிக்காரர்
குறிப்பேட்டைத் திறந்து
"இந்த உணவின் வரலாறு என்ன?" என்றார்.
"காலை ஐந்துக்கு அடுப்பு மூட்டினேன்" என்றேன்.
அதையும் எழுதிக்கொண்டார்.

ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை
எங்களுக்குக் கீழேயும் மேலேயும் மண் சரிந்து
நடுவில் மாட்டிக்கொண்டது கிட்பொக்கின் வண்டி.
உள்ளே ஏழு பேர், பாவ்நகர் குடும்பம்,
வெங்காயம்கூடத் தொடாதவர்கள்.
அன்றைக்கென்று மேகியும் தீர்ந்திருந்தது.
மழையைப் பற்றி நான் சொல்லவேண்டாம்,
தகரக்கூரை சொல்லிக்கொண்டே இருந்தது.
மனிதர்கள்தான் கத்திப் பேசவேண்டியிருந்தது.

ரசீலாபென் பையைத் திறந்தாள்.
அலுமினியத் தாளுக்குள் இன்னொரு தாள்,
அதற்குள் தேப்லா,
வெந்தயக்கீரை பிசைந்த ரொட்டி,
எண்ணி நாற்பது.
நாட்டின் அந்த ஓரத்திலிருந்து இந்த ஓரம் வரை
சுமந்து வந்திருக்கிறாள்.
வழியை நம்பவில்லை, எங்களையும்தான்.

நான் எட்டிப் பார்த்ததைப் பார்த்துவிட்டாள்.
ஒன்றை எடுத்து நீட்டினாள்.
நீட்டிய கை என் கறிச்சட்டிக்கு மேலே வராமல்
சுற்றிக்கொண்டு வந்தது.
அதை நானும் பார்த்துவிட்டேன்.

தின்றேன்.
கீரையின் கசப்பு, பின்னால் கொஞ்சம் வெல்லம்,
பல்லிடுக்கில் எள்.
வெள்ளை எள்.

உள்ளே போய் ஒரு மண்பானையை எடுத்துவந்து
அவள் கண் முன்னால்
கூரையிலிருந்து கொட்டும் தண்ணீரில்
மூன்று தடவை கழுவினேன்.
முதல் தடவை கோபத்தில்.
மற்ற இரண்டும் பசித்த பிள்ளைகளுக்காக.
அரிசிமாவு, ஆவி, வேறெதுவும் இல்லை:
புமலோய்.
வெண்மையாய் இறக்கியபோது
சின்னப் பையன் முதலில் கை வைத்தான்,
சுட்டது, மறுபடி வைத்தான்.
அவள் பிட்டு, முகர்ந்து, மென்று,
மருமகளிடம் ஏதோ சொன்னாள்.
"உப்புப் போட மறந்துட்டாங்களாம்"
என்று கிட்பொக் மொழிபெயர்த்தான்.
மறக்கவில்லை. அது அப்படித்தான்.
இருந்தாலும் உப்பு டப்பாவைத் தள்ளிவைத்தேன்.

இருட்டுகிற நேரத்தில் மண்வாரி வந்தது.
புறப்படும்போது ஆளுக்கொரு க்வாய் கொடுத்தேன்:
பச்சைப்பாக்கு, வெற்றிலை, சுண்ணாம்பு.
பாக்கு தனக்குப் பழக்கம் என்று
ரசீலாபென் கன்னத்தில் அடக்கினாள்.
எங்கள் பாக்கு வேறு.
காது சிவந்து, நெற்றி வியர்த்து,
அந்தக் குளிரில் சால்வையை உதறிப் போட்டுவிட்டு
வயிறு குலுங்கச் சிரித்தாள்.
அந்தக் காலத்தில் நாங்கள் தூரத்தை
எத்தனை பாக்கு மெல்லுகிற நேரம் என்றுதான் சொல்வோம்.
பாவ்நகருக்கு எத்தனை பாக்கு ஆகும்
என்று கேட்க நினைத்தேன்.
வண்டி கிளம்பிவிட்டது.

மேசையில் ஆறு தேப்லா இருந்தன.
மறந்ததா, விட்டதா, தெரியாது.
தம்பி ஒன்றை எடுத்துத்
துங்ரும்பாயில் தோய்த்துத் தின்றான்,
இன்னொன்றும் எடுத்தான்.
"பலகையில் எழுதட்டுமா?"

வேண்டாம் என்றேன்.
இதையும் பிழையாகத்தான் எழுதுவாய்.