பகாவ் முத்திரை

பசியாறக் கிடைத்த அரைமணி நேரத்தில்
எடைமேடையைத் தவமணியிடம் விட்டுவிட்டு
மோட்டாரில் அஞ்சலகம் வந்தேன்.
சட்டையெல்லாம் செம்பனை ஆலையின் வாடை.
வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்
ஓரடி தள்ளிப் போனார்.

இன்று வெளியீடு.
மூங்கிலும் துணியும் கம்பியுமாய்
ஒருவன் முதன்முதலில்
கடலைத் தாண்டிய நாளுக்காக
அறுபது காசில் ஓர் அஞ்சல்தலை.
இரட்டைச் சிறகுக்கு நடுவே
பால்வாளி அளவு இருக்கையில்
கண்ணாடி மாட்டி அமர்ந்திருக்கிறான்.

இந்தப் பக்கம் அவன் வரவில்லை.
வந்திருந்தால்
வரிசை வரிசையாய்ப் பச்சை தெரிந்திருக்கும்.
மரத்தடியில் குனிந்து
பட்டை சீவிக்கொண்டிருந்தவர்கள்
தெரிந்திருக்க மாட்டார்கள்.

நான் சேர்ப்பது விமானங்கள் மட்டும்.
பூ, மீன், பட்டாம்பூச்சி எல்லாம்
தவமணியின் மகனுக்கு.
ஏட்டில் முந்நூற்றுப் பதினொன்று இருக்கின்றன;
ஒன்றிலும் ஏறியதில்லை.

"பெலான், பெலான்" என்றேன் ரோஸ்னாவிடம்.
"வாலோரம் பட்டும் படாமலும்."
தலையாட்டினாள். உறையைத் திருப்பினாள்.
பக்கத்து முகப்பில் யாரோ
மின்கட்டணத்துக்குக் கத்தினார்கள்.
அவள் கை
தொப்பென்று விழுந்தது.

சிறகின்மேல், அவன் முகத்தின்மேல்,
மை சொட்டச் சொட்ட ஒரு கறுப்பு வட்டம்.

வேறு உறை இல்லை.
வந்தவையே எட்டு.
ஏழு, நிலையத் தலைவரின் கூட்டாளிக்கு.
நாக்கு நுனிவரை வந்த சொல்லை
ரோஸ்னாவின் முகம் பார்த்து விழுங்கினேன்.

வெளியே, மோட்டார் இருக்கையில் வைத்து
மை காய ஊதினேன்.
அப்போதுதான் கண்டேன்:
வட்டத்துக்குள் அவன் சக்கரங்கள்.
சுற்றிலும் ஐந்தெழுத்தில் என் ஊர்.
கீழே இன்றைய தேதி.

இறங்கிவிட்டான்.

ஆலை வாசலில் மூன்று லோரிகள்
ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.
"எங்கே, நிறுத்துப் பார்க்கலாம்" என்று
உறையைப் பிடுங்கி
எடைமேடை நடுவில் வைத்தான் தவமணி.
எண் அசையவில்லை.
இருபது கிலோவுக்குக் கீழே
அதற்குக் கண் தெரியாது.

ஆனாலும் ஒரு துண்டுச்சீட்டு அடித்தேன்.
சரக்கு: இல்லை.
நிறை: சுழி.
உள்ளே வந்த நேரம்: பத்து நாற்பது.

வெளியேறிய நேரத்துக்கான கட்டத்தை
நிரப்பாமல் கிழித்து
உறைக்குள் செருகினேன்.
முதல் லோரிக்காரன் இறங்கி வந்து
கண்ணாடியைத் தட்டினான்.