பல்லுக் கட்டின ஒழுங்கை

கொட்டடிப் பக்கம் திரும்பும் முன்
சைக்கிள் கடைக்கும் பூட்டிய வங்கிக்கும் இடையில்
கார் நுழையாத ஒழுங்கை ஒன்று.
மாநகரசபையில் அதற்கு ஓர் இலக்கம்தான்.
சனம் சொல்வது சீனன் ஒழுங்கை.

பெயர்ப்பலகை போடலாம் பிள்ளை,
ஆதாரம் கொண்டு வாரும் என்றார் கிளாக்கர்.
எத்தனை பேர், எந்த ஆண்டு, எந்தக் காணி.
ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கினேன்.

மூன்று குடும்பம் என்றார் திரவியநாதன்.
ஏழு, என்றது குசினிக்குள்ளிருந்து குரல்,
"அவர் எதையும் குறைச்சுத்தான் எண்ணுவார்,
எங்கட பிள்ளையளையும்."

செபமணி அன்ரிக்கு அவர்கள் முகம் நினைவில்லை.
கரியரில் கட்டின துணிப் பொட்டலம் நினைவிருக்கிறது,
முழக்கோலால் நாயை விரட்டினது நினைவிருக்கிறது.
கலியாணச் சட்டைக்குப் பட்டு வாங்கிப்
பதினெட்டு ரூபாய் பாக்கி வைத்தாளாம்.
அடுத்த மாதம் வருவான் என்று முடிந்து வைத்த காசு,
அவன் வரவில்லை.
"எழுதும் பிள்ளை. நான் குடுக்கேல்லை எண்டு
வடிவாய் எழுதும்."

இரும்புக் கடை சாலிகு நானா
தொண்ணூறில் இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறியவர்,
திரும்பி வந்தவர்,
ஆணிகளை நிறுத்தபடி கேட்டார்:
"சீனர் போனதை எழுதுறீங்க, நல்லம்.
நாங்க போனதுக்கும் அதுல இடமிருக்கா?"
நாலு பக்கம் விட்டு வைத்தேன்.
பிறகு வாறேன் என்றார்.
அவை இன்னும் வெறுமையாய்த்தான் இருக்கின்றன.

எல்லோரும் கடைசியில் வந்து நின்றது
பல்லுக் கட்டுற யுங்கின் வாசலில்.
பலகையில் ரோஸ் நிற முரசு, முப்பத்திரண்டு பல்,
மேலே ஆள் இல்லை.
பள்ளிக்கூடம் போற பிள்ளைகள் அதைக் கடக்கும்வரை
வாயைப் பொத்திக்கொண்டு ஓடுவார்களாம்.

அந்த வளவில் போன மாசி
மலக்குழி வெட்டினவர்கள் ஒரு பிஸ்கட் தகரத்தை எடுத்தார்கள்.
உள்ளே வெண்சாந்தில் வார்த்த பதினொரு வாய்.
ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலில்
இரண்டு மூன்று சீன எழுத்து.

சாப்பாட்டு மேசையில் அடுக்கி வைத்தேன்.
இரவில் இவர் துவாயால் மூடிவிட்டுப் படுத்தார்.

செய்தி கேட்டு வந்த குலவீரசிங்கம்
ஒன்றைத் தொட்டதும் எடுத்துவிட்டார்.
கீழ்வரிசையில் ஒன்று குறுக்கே நின்றது.
"அய்யாட."
தொண்ணூற்றைந்தில் ஓடேக்க
படங்கள் எல்லாம் வீட்டோட போச்சு.
பெருவிரலை அந்தக் கோணல் பல்லில் வைத்தபடி
அவர் சோடா குடித்தார்.
"சிரிச்சு நான் காணாத மனுசன்" என்றார்.

யுங்கின் பேத்தி லில்லியைக் கொழும்பில் பிடித்தேன்.
கைபேசியில் எழுத்துகளைக் காட்ட
"எனக்குச் சீனம் வாசிக்கத் தெரியாது அக்கா,
அப்பாவுக்கும் தெரியாது.
நாங்கள் வீட்டில தமிழ்தானே."
கொஞ்சம் பொறுத்து,
"ஆக்களின்ர பேர் தாத்தாவுக்கு நாக்கில வராது.
சுருட்டுக்காரன், வாயாடி, கடன்காரன்,
அப்படி ஏதும் எழுதியிருப்பார்."
அதைப் பென்சிலால் எழுதினேன்.
வைக்கும் முன் கேட்டாள்,
அந்தக் கிணற்றுத் தண்ணி இன்னும் உவரோ?
மூடிக் கொங்கிறீட் போட்டாயிற்று என்று
எனக்குச் சொல்ல வரவில்லை.
ஓம், உவர்தான் என்றேன்.
கொப்பியில் நான் எழுதாமல் விட்டது அது ஒன்று.

தகரத்தோடு மாநகரசபைக்குப் போனேன்.
கிளாக்கர் மூடியைத் திறந்தார்.
பிறகு கையால் வாயைப் பொத்தினார்.
பிறகு சொன்னார்: இதைப் பைலில் குத்தேலாது,
பிரதி எடுத்து வாரும்.

முன்கடையில் போட்டோக்கொப்பிப் பெடியன்
கண்ணாடியில் முதல் வாயைக் கவிழ்த்தான்.
எப்படி அழுத்தியும்
மெஷின் மூடி படியவில்லை.
பரவாயில்லை, எடும் என்றேன்.
பச்சை வெளிச்சம் கடைவாய்ப் பக்கத்தால் வழிந்து
அவனுடைய சேட்டில் ஓடியது.