ஒன்பதாவது பங்கேற்பாளர்

லுபேனி நகராட்சியின் முன்னறையில்
ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடித் திரை.
குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் உதவித்தொகைக்கு
இனி இதில்தான் விண்ணப்பம்.
ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒக்தாவியாவை
வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள்.
ஜன்னலில் இப்போது ஒரு பூந்தொட்டி.

நான் க்ளூஜ் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவள்.
மனிதரும் கணினியும் சந்திக்கும் இடத்தை ஆராய்கிறேன்
என்று சொன்னால்
"சந்தித்து?" என்று கேட்கும் ஊர் இது.
கையில் ஸ்டாப்வாட்ச்.
நேரம், தவறு, முகபாவம் என்று
கட்டம் போட்ட தாள்.

தாளில் பெயர் எழுதக் கூடாது என்பது விதி.
அதனால் இங்கே எழுதுகிறேன்: காவ்ரில்.
முப்பத்தொரு வருடம் நிலக்கரி.

விரல் வைத்தார்.
திரை சும்மா இருந்தது.
அழுத்தினார்.
திரை வேறு யாரையோ எதிர்பார்த்தது.
சுரங்கத் தூணைத் தட்டிப் பார்த்தே
மேலே மலை என்ன நினைக்கிறது என்று
தெரிந்துகொண்ட விரல்கள்.
காய்ப்பேறிய அந்தத் தோல்
கண்ணாடிக்கு வெறும் மரப்பட்டை.
தொண்ணூறு வினாடி கழிந்ததும்
"நீங்கள் இன்னும் இருக்கிறீர்களா?" என்று
எழுத்து வந்தது.
"இருக்கிறேன்" என்றார், உரக்க.
அதற்குக் காது வைக்கவில்லை.
மறுபடி முதல் பக்கம்.

இடது கை. விரல் முட்டி.
ஒருமுறை, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, மூக்கு.
பிறகு கோட்டுப் பையைத் துழாவி
செய்தித்தாள் பொட்டலத்தைப் பிரித்தார்.
புகைபோட்ட பன்றித் தொத்திறைச்சி,
கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு துண்டு.
அதன் நுனியால் "தொடங்கு" என்பதைத் தொட்டார்.

தொடங்கியது.

பெயர். பிறந்த தேதி. வேலை போன காரணம்.
கீழே விரிந்த பட்டியலில்
"சொந்த விருப்பம்" இருந்தது,
"ஒழுங்கு நடவடிக்கை" இருந்தது.
சுரங்கத்தை மூடிவிட்டார்கள் என்பது மட்டும் இல்லை.
"பிற" என்பதற்கு மேலே
தொத்திறைச்சி பதினான்கு வினாடி நின்றது.
தயக்கம் என்று கட்டத்தில் குறித்தேன்.
அதற்கு வேறு சொல்லை
இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஆறு நிமிடம், இருபது வினாடி.
வரிசையில் யாரோ கைதட்டினார்கள்.
காவ்ரில் என் பக்கம் திரும்பி
"இப்போது வீடு சூடாகுமா?" என்றார்.
அது எங்கள் ஆய்வு எல்லைக்குள் வராது
என்று சொல்ல வாயைத் திறந்தேன்.
ஆவிதான் வந்தது.
அந்த அறையும் சூடாக இல்லை.

அடுத்த வாரம் வரிசை முழுக்கப் பொட்டலங்கள்.
துடைத்துத் துடைத்துக் காவலாளிக்குக் கை ஓய்ந்தது.
வாசலில் ஒரு நாய் வேலைக்குச் சேர்ந்தது.
நூற்றுக்குத் தொண்ணூற்றாறு விண்ணப்பங்கள் வெற்றி,
குடிமக்கள் புதிய தொழில்நுட்பத்தை
ஆர்வத்துடன் ஏற்றுக்கொண்டார்கள் என்று
புகாரெஸ்டுக்கு அறிக்கை போனது.

நானும் ஒரு கட்டுரை எழுதினேன்.
பட்டியலில் விடுபட்ட காரணம் பற்றி,
தொண்ணூறு வினாடிப் பொறுமை பற்றி,
ஜன்னலில் ஒரு மனிதர் வேண்டும் என்பது பற்றி.
இரண்டாம் மதிப்பீட்டாளர் கேட்டிருந்தார்:
தொத்திறைச்சியின் எடை எவ்வளவு?
மற்ற இறைச்சிகளோடு ஒப்பிடாதது ஏன்?

பிப்ரவரியில் திரும்பப் போனேன்.
பொத்தான்கள் பெரிதாகியிருந்தன.
திரை இப்போது ஐந்து நிமிடம் காத்திருக்கிறது.
அவ்வளவுதான் ஏற்கப்பட்டது;
பூந்தொட்டி இடம் மாறவில்லை.
காவ்ரிலின் விண்ணப்பம் "பரிசீலனையில்".
அவரை வரிசையில் காணோம்.

திரைக்குப் பின்புறம் இருந்தார்,
இன்னும் நான்கு பேரோடு.
இயந்திரத்தின் முதுகில்
உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கம்பிவலை.
அதன் வழியே
உள்ளிருக்கும் விசிறி
நாள் முழுக்க வெந்நிறமான காற்றை
வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது.
வடிவமைத்தவர்களுக்கு அது வெறும் கழிவு.
எங்கள் குழுவில் ஒருவரும்
அந்தப் பக்கம் போய்ப் பார்த்ததில்லை.

கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.
கடிகாரத்தைப் பையில் போட்டேன்.
இரண்டு கையும் வேண்டியிருந்தது.