கோசோங்

விடிகாலை நாலேகால்.
சுவா சூ காங் பேருந்து நிலையத்தில்
சியூ லான் ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருப்பாள்.
கேட்காமலே வந்துவிடும் என் கோப்பி கா டாய்:
அடியில் இரண்டு விரற்கடை கெட்டிப்பால்,
மேலே இருட்டு.
மாத்திரையை நாக்கில் வைத்து
அந்தக் கோப்பியிலேயே விழுங்கிவிட்டு
முதல் வண்டியை எடுப்பேன்.
நாலு வருஷம் இப்படி.

பவளக்கொடி என்ற பெயர்
ஓட்டுநர் அட்டையில் இடம் போதாமல்
கொடி ஆனது.
கொடி பெருத்துப்போனது.
மோதிரம் சோப்புக்கும் கழலவில்லை.
வெளியே முப்பத்து மூன்று டிகிரி,
உள்ளே ஸ்வெட்டரோடு நான்.
ஸ்டியரிங்கில் தினமும் நாலைந்து முடி.
ஒருநாள் தெக் வாய் பக்கம்
மணி அடித்தும் நிறுத்தத்தைத் தாண்டிவிட்டேன்.
ஒரு கிழவர் ஹொக்கியெனில் திட்டினார்.
மொழி தெரியாது. புரிந்தது.

தொண்டைக்குழியில் ஒரு சுரப்பியாம்.
படம் காட்டி, பட்டாம்பூச்சி மாதிரி என்றார்கள்.
எனக்கென்னவோ
முகம் கழுவாமல் உட்கார்ந்திருக்கும்
டிப்போ ஆள் மாதிரி இருந்தது.
மேலே கட்டுப்பாட்டு அறையிலிருந்து
வாக்கிடாக்கியில் ஒருவன் கத்துகிறான்:
கிளம்பு, கிளம்பு, அட கிளம்புப்பா.
அந்தக் கத்தலைத்தான்
ரத்தத்தில் அளந்து எண்ணாக எழுதித் தருகிறார்கள்.
எனக்குப் பதினொன்று புள்ளி நாலு.

எல்லாம் சீனிதான் என்றாள் நாத்தனார் வைஜெயந்தி.
ஏழு வீடியோ அனுப்பினாள்.
ஏழிலும் வெள்ளைக் கோட்டு,
ஏழிலும் விஷம்.
பயந்துபோய் நிறுத்தினேன்.
பான இயந்திரத்தில் ஒவ்வொரு டின்னுக்கும்
ஏ, பி, சி, டி என்று போட்டிருக்குமே,
நான் எப்போதும் டி.
பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் என்பதால்
அந்த எழுத்தின்மேல் ஒரு பாசம்.
ஒரு வாரம் சியூ டாய்,
அப்புறம் ஒரேயடியாகக் கோசோங்.
மத்தியானங்களில் எரிந்து விழுந்தேன்.
பண்டான் கேக் கனவில் வந்து
பச்சையாக நின்றது.

பலதுறை மருந்தகத்தில் டாக்டர் நூர் ஹஃபிஸா
புது எண்ணைப் பார்த்தார்.
பழைய எண்ணின் தம்பிபோல இருந்தது.
“மாத்திரையை எப்படிச் சாப்பிடுறீங்க?”
“கோப்பியில.”
பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.
கோப்பி, மாத்திரையைப் பாதி வழியிலேயே
இறக்கிவிட்டுவிடுமாம்.
வெறும் வயிறு, வெறும் தண்ணீர்,
பிறகு ஒரு மணி நேரம் எதுவும் கூடாது.

அப்போ சீனி?
“அதுதான் இதைக் கொண்டுவந்ததுன்னு
நான் சொல்லமாட்டேன்.
ஆனா சுரப்பி அசந்துபோன உடம்புல
சீனி சுலபமா எடையாகி உட்கார்ந்துக்கும்.
குறைச்சது நல்லது. விட்டுடாதீங்க.”
வைஜெயந்திக்கு இதில் பாதியைத்தான் சொன்னேன்.

சீனி என்பது
இரண்டு நிறுத்தம் போகிற பள்ளிக்கூடக் கூட்டம்.
முட்டி மோதி ஏறும், வண்டியே ஆடும்,
கண்ணை மூடித் திறப்பதற்குள் இறங்கிவிடும்.
அதற்கப்புறம் வரும் அமைதியில்தான்
தூக்கம் சொக்கும்.
அந்தக் கூட்டத்தை நம்பியே
நாளெல்லாம் ஓட்டியிருக்கிறேன்.

இப்போது மூன்றரைக்கு அலாரம்.
புளோக்கில் லிஃப்ட் மட்டும் விழித்திருக்கிறது.
மாத்திரை. தண்ணீர்.
அந்த ஒரு மணி நேரத்தை என்ன செய்வதென்று
முதல் வாரம் தெரியவில்லை.
சீருடையை மாட்டிக்கொண்டு நடந்தேன்.
வயிறு கோசோங், சாலை கோசோங்.
மலாயில் அதற்குக் காலி என்றும் அர்த்தம்,
சைபர் என்றும் அர்த்தம்.
விளக்குப் போடாமல் வண்டியில் உட்கார்ந்து
கண்ணாடியில் பின்னிருக்கைகளைப் பார்க்கிறேன்.
யாரும் மணி அடிக்கவில்லை.

எட்டு வாரம் கழித்து
எண் ஆறுக்கு இறங்கியிருக்கிறது.
மோதிரம் இன்னும் கழலவில்லை.
இன்று சியூ லான் கிளாஸை வைத்தாள்:
கறுப்பு, பாலில்லை, சீனியில்லை.
கரண்டியை எடுக்க மட்டும் மறந்திருந்தாள்.
கை பழக்கத்தில் கலக்கியது.
ஒன்றுமில்லாததைக் கலக்கும்போதும்
கண்ணாடியில் அதே கிணுகிணுப்பு.
சத்தம் கேட்டு அவள் திரும்பினாள்,
டப்பாவில் கை வைத்தபடி.