நனைந்த மண்ணின் பாரம்

மேல்வீட்டுக்கென்று விட்ட கம்பிகள்
பதினான்கு வருடமாய் வானம் பார்த்து நின்றன,
துருப்பிடியாமல்
தலைக்கொரு சோடாப் போத்தல் கவிழ்த்து.
றொறன்ரோவிலிருந்து தம்பி கேட்பான்:
"எப்பக்கா மேல கட்டுறது?"
கட்டவில்லை, புல் நடப்போகிறேன் என்றதும்
லைன் அறுந்ததென்று நினைத்தேன்.
சிரித்துக்கொண்டிருந்தானாம்.

தர்மினி கணக்கோடு வந்தாள்.
"காய்ஞ்ச மண்ணை நம்பாதேங்கோ ரீச்சர்.
மாரியில நனைஞ்சாப் பிறகுதான்
அது தன்ர நிறையைச் சொல்லும்.
நாலு அங்குலம். அதுக்கு மேல ஒரு பிடியும் கூடாது."
கோப்பாய்ச் செம்மண் ஒரு பங்கு,
தும்புத்தூள் இரண்டு,
உடைந்த ஓடு இடித்த தூள் ஒன்று.
செம்மண்ணைக் குறைத்ததில்
எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான்.

பத்திநாதர் தார் ஷீற்றை
நெருப்பு காட்டிக் காட்டி ஒட்டினார்.
பீலி வாயைச் சாக்கால் அடைத்து
இரண்டு நாள் தண்ணீர் கட்டினோம்.
கீழே அறை அறையாய்
அண்ணாந்து பார்த்துக் கழுத்து நொந்தது.
மேலே பாசையூர்க் காகங்கள்
ஆறுதலாய்க் குளித்துவிட்டுப் போயின.

பிறகு கல், விரிப்பு, மண்.
கடற்கரை அடம்பன் (திரண்டால் மிடுக்காம், பார்ப்போம்),
சாரணை, கற்றாழை, அறுகு,
ஒருவரும் நடாமல் தானே வந்த பருப்புக்கீரை.
கம்பிகளை வெட்டவில்லை.
முடக்கொத்தான் ஏறட்டும்.

மண் பரவி முடிந்த பின்னேரம்
பத்திநாதர் கீழே வந்து
வெறுஞ் சீமெந்தில் முதுகு சாய்த்தார்.
"குளிருது," என்றார்.
கொஞ்சம் பொறுத்து,
"தலைக்கு மேல மண்ணெண்டால்
எனக்கு நித்திரை வராது பிள்ளை."
எழும்பித் தேத்தண்ணி கேட்டார்.

எனக்கு அப்போது எட்டு வயது.
வளவில் பங்கர். பனங்குற்றி அடுக்கி
அதன்மேல் உரப்பையில் மண்.
மாரியில் ஒரு பை பிய்ந்து பூசணி முளைத்ததாம்.
நான் கண்டது
குற்றி இடுக்கால் இறங்கிய வெள்ளை வேர்,
தையல் நூல் மாதிரி.
தொடாதே என்றா அம்மா.
தொட்டேன்.
பூத்ததோ காய்த்ததோ அறியாமல்
ஒரு இரவு எல்லோரும் வெளிக்கிட்டோம்.

சித்திரைக்கு அடம்பன் பாதி கருகியது.
அறுகு வைக்கோல்.
சாரணைக்கு மட்டும் வெயில் ஒரு கணக்கில்லை,
தேங்காய்ப்பூப் போட்டு வறை வைத்தேன்.
விசிறி ஐந்திலிருந்து மூன்றுக்கு இறங்கியது.
தம்பிக்குப் படம் அனுப்பினேன்.
"நல்லாத்தான் இருக்கு," என்று எழுதினான்,
"மேல் வீடு?"

ஐப்பசியில் முதல் பெருமழை.
குசினி மூலைத் தட்டில் ஒரு துளி.
பத்திநாதர் சோக்கால் வட்டம் போட்டு
நாளைக்கு வாறன் என்றார்.
நாலு நாள் ஆகிறது.
வாளி வைத்திருக்கிறேன்.

நேற்றிரவு நித்திரை வராமல்
ஏணி வைத்து ஏறி
வட்டத்தின் நடுவைத் தொட்டுப் பார்த்தேன்.
தண்ணீர்தான்.